ஆச்சியின் சோமாசி



ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று தமிழம்மா வகுப்பில் கேட்டபோது, தோழியர் பலரும் ‘நேரத்தின் அருமை’, ‘நான் விரும்பும் தலைவர்’, ‘மரம் வளர்ப்போம்’ என்று பெரிய தலைப்புகளாகக் கூறினர். நான் எழுந்து, “சோமாசி, அம்மா” என்றேன். வகுப்பே சிரித்தது. தமிழம்மாவும் சிரித்தார்கள். ஆனால், “தின்பதைப் பற்றி மட்டும் எழுதாதே, அதில் நீ என்ன கற்றாய் என்பதையும் எழுது” என்றார்கள். நான் கற்றது ஒன்று உண்டு. அதை வெளியில் சொல்லச் சற்று வெட்கமாகவும் உண்டு. இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பனவடலிசத்திரம். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் மானூரையும் தேவர்குளத்தையும் கடந்து வந்தால் எங்கள் ஊர் வரும். முன்பு திருநெல்வேலி மாவட்டமாக இருந்த எங்கள் பக்கம் 2019ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டம் ஆயிற்று. ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும். பெய்யாவிட்டால் புழுதிதான் பறக்கும். அப்படிப்பட்ட ஊரில் என் ஆச்சியின் அடுப்படியில் மட்டும் எந்தக் காலத்திலும் ஏலக்காய் மணம் குறைவதில்லை.

சோமாசியை அறியாதவர் நம் பள்ளியில் எவரும் இரார். மைதா மாவைப் பிசைந்து, வட்டமாகத் தேய்த்து, நடுவில் பூரணம் வைத்து, பாதியாக மடித்து, விளிம்பை ஒட்டி, எண்ணெயில் பொரித்தெடுப்பது. பார்ப்பதற்குப் பிறை நிலாப் போல் இருக்கும். பொரிகடலைப் பொடி, சீனி, வறுத்த தேங்காய்ப்பூ, எள், ஏலக்காய் இவை சேர்ந்ததே ஆச்சியின் பூரணம். மாவில் ஒரு பங்கு ரவையும், காய்ச்சிய நெய் ஒரு கரண்டியும் ஊற்றிப் பிசைவாள். அதனால்தான் பத்து நாள் ஆனாலும் மொறுமொறுப்பு மாறாது. தீபாவளிக்கு எங்கள் தெருவிலும், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்தவர் வீடுகளிலும் இதே சோமாசிதான். முறுக்குக்கும் அதிரசத்துக்கும் நடுவில் தட்டில் அது அமர்ந்திருக்கும் அழகே தனி!

இது நமக்கு மட்டுமே சொந்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விசாரித்துப் பார்த்தால் இந்தியா முழுவதும் இதற்கு உறவினர்கள் இருக்கிறார்கள். வட நாட்டில் ஹோலிப் பண்டிகைக்கு இதைக் குஜியா என்று செய்கிறார்கள். உள்ளே பால்கோவா வைப்பார்கள். மகாராஷ்டிரத்தில் தீபாவளிக்குச் செய்யும் கரஞ்சியும், ஆந்திரத்தில் செய்யும் கஜ்ஜிகாயும் இதன் உடன்பிறப்புகளே. கோவாவில் இதற்கு நெவ்ரி என்று பெயர். அங்கே இந்துக்கள் விநாயகர் சதுர்த்திக்கும், கத்தோலிக்கர் கிறிஸ்துமஸுக்கும் செய்கிறார்கள். பண்டிகை வேறு, பெயர் வேறு, பலகாரம் ஒன்று!

அதோடு முடியவில்லை. அண்மையில் நம் பள்ளி நூலகத்தில் உலக நாடுகளின் உணவைப் பற்றிய ஒரு நூலைப் புரட்டிக் கொண்டிருந்தேன். மெக்சிகோ நாட்டுப் பக்கத்தில் ஒரு படம்! ‘இது நம் ஆச்சியின் சோமாசி அல்லவா’ என்று ஒரு கணம் திகைத்து விட்டேன். அது சோமாசி அன்று. கேசடியா என்னும் பண்டம். அந்நாட்டு மக்கள் மக்காச்சோள மாவில் டோர்ட்டியா என்னும் ரொட்டியைத் தட்டுகிறார்கள். நமக்குச் சோறு எப்படியோ அப்படி அவர்களுக்கு அது. அந்த ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியையோ அவரைப் பயற்றையோ வைத்துப் பாதியாக மடித்தால் கேசடியா. அதைக் கல்லில் வாட்டியும் உண்பார்கள். எண்ணெயில் பொரித்தும் உண்பார்கள். கோழிக்கறி வைத்துக் குழல் போலச் சுருட்டிப் பொரித்தால் அதற்கு ஃப்ளாவுட்டா என்று பெயர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குப் புல்லாங்குழல் என்று பொருளாம்!

அவர்கள் மாவு செய்யும் விதம்தான் எனக்குப் பெரு வியப்பாக இருந்தது. சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேக வைத்து, இரவு முழுவதும் ஊற விட்டு, தோலைக் கழுவி நீக்கிவிட்டு, அதன் பின்னரே அரைக்கிறார்கள். அப்போதுதான் மாவு உதிராமல் ஒட்டும். அது மட்டுமன்று, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்தும் அப்போதுதான் நம் உடலில் சேரும். சோளத்தை மட்டும் கொண்டு சென்று, சுண்ணாம்பு விடும் முறையைக் கற்காமல் விட்டது ஐரோப்பா. அதனால் இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா என்னும் நோய் வாட்டியதாம். ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பில் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

மக்காச்சோளம் பிறந்த வீடே மெக்சிகோதான். ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்நாட்டு உழவர்கள் ஒரு காட்டுப் புல்லைப் பண்படுத்திப் பண்படுத்தி இன்றைய கதிராக்கினார்களாம். நாம் நாள்தோறும் குழம்பில் போடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான். பதிலுக்கு, 1519இல் ஸ்பானியர் அங்கே சென்று இறங்கிய பின்னரே மாடும் பன்றியும், அவற்றோடு பாலாடைக்கட்டியும் பொரிக்கும் கொழுப்பும் மெக்சிகோவுக்குப் போயின. ஆகவே அவர்களுடைய கேசடியாவிலும் பாதி வெளிநாடு. நம் அடுப்படியிலும் பாதி வெளிநாடு.

இதையெல்லாம் படித்தபோது எங்கள் வயல் நினைவுக்கு வந்தது. நாங்கள் விளைவிக்கும் மக்காச்சோளத்தை நாங்கள் ரொட்டியாக்கி உண்பதில்லை. அது மூட்டை மூட்டையாக லாரியில் ஏறி நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போய்விடும். அப்படியும் அதுதான் எங்கள் வீட்டின் வருமானம். 2018ஆம் ஆண்டு அந்தச் சோளத்தைப் படைப்புழு தாக்கியது. அதுவும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த புழுவே. ஆப்பிரிக்காவுக்கு 2016இல் வந்து, 2018இல் கர்நாடகத்தில் தென்பட்டு, அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டிலும் பரவியது. அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா குருத்தை விரித்துக் காட்டுவார். உள்ளே மரத்தூள் போல எச்சமும், அதனடியில் புழுவும் இருக்கும். அந்த ஆண்டு விதைக்கு வாங்கிய கடனைக் கூட அடைக்க இயலவில்லை.

அந்தத் தீபாவளியின்போதுதான் ஆச்சி, “சும்மா இருந்தா சோறு வருமா? எனக்குத் தெரிஞ்சது சோமாசி. அதைச் சுட்டு வித்துப் பாப்போம்” என்று இருப்புச்சட்டியை அடுப்பில் ஏற்றினாள். முதலில் எங்கள் தெரு. பிறகு பக்கத்து ஊர்கள். பிறகு சங்கரன்கோவில் வரை ஆச்சியின் சோமாசி போயிற்று. இன்று என் விடுதிக் கட்டணம் கட்டப்படுவதே அந்தச் சோமாசியால்தான். இதை நீங்கள் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இனி நான் சொல்லப் போவதற்கு அது தேவைப்படும்.

சென்ற டிசம்பர் மாதம் 23ஆம் நாள். அரையாண்டுத் தேர்வு முடிந்து, மாலை ஐந்து மணிக்கு விடுதியிலிருந்து வீடு போய்ச் சேர்ந்தேன். சங்கரன்கோவிலில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கிறிஸ்துமஸுக்கு 300 சோமாசி கேட்டிருந்தார்கள். ஆண்டுதோறும் கேட்பவர்கள்தாம். ஆனால் குழாயடியில் வழுக்கி விழுந்ததால் ஆச்சியின் வலக்கையில் அப்போது கட்டுப் போட்டிருந்தது. அம்மா தேய்த்துப் பொரிக்க, ஆச்சி இடக்கையால் பூரணம் வைக்க, இரண்டு நாளில் இருநூறு முடித்திருந்தார்கள். இன்னும் நூறு மீதம். அம்மாவின் கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருந்தன.

“நீ போய்ப் படும்மா. ஆச்சியும் படுக்கட்டும். மீதியை நான் பார்த்துக்கிறேன்” என்றேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் எனக்கு இது ஒரு பெரிய காரியமா என்ற எண்ணம்!

ஆச்சி படுக்கப் போகும்முன் மூன்று சொல் சொன்னாள். “ஏட்டி, தேங்காப்பூவை ஈரம் போக வறுக்கணும். தேய்ச்ச மாவு காயாம ஈரத்துணி போட்டு மூடணும். விளிம்புல தண்ணி தொட்டு ஒட்டணும்.” நான் “சரி, சரி” என்றேன். ஆனால் சீக்கிரம் முடித்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்க வேண்டும் என்று மனம் பறந்தது. தேங்காய்ப்பூ சற்று நிறம் மாறியதும் இறக்கி விட்டேன். நூறு வட்டத்தையும் முதலிலேயே தேய்த்துச் சுளகில் பரப்பினேன், துணி போடவில்லை. தண்ணீர் தொடாமலே மடித்து, சோமாசிக் கரண்டியின் பல் சக்கரத்தை விளிம்பில் உருட்டினேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது.

எண்ணெய் காய்ந்தது. முதல் ஈடு பத்துச் சோமாசியைப் போட்டேன். ஒரு நிமிடம் கூட ஆகியிராது. ‘டப்’ என்று ஒன்று வாய் பிளந்தது. உடனே மற்றொன்று. பூரணம் எண்ணெயில் கொட்டியது. சீனி கருகிப் புகைந்தது. அதற்குள் என்ன செய்வதென்று அறியாமல் அடுத்தடுத்த ஈடுகளையும் போட்டு விட்டேன். அவையும் பிளந்தன. எண்ணெய் கறுத்துவிட்டது. பிளக்காதவற்றின் மேலும் கரும்புள்ளிகள் அம்மைத் தழும்பு போல ஒட்டிக் கொண்டன. பிறகுதான் ஆச்சி சொன்னது நினைவுக்கு வந்து, எண்ணெயை வடிகட்டி, விளிம்பில் தண்ணீர் தொட்டு ஒட்டினேன். மீதி ஒழுங்காக வந்தன. எண்ணிப் பார்த்தேன். நல்லவை அறுபத்திரண்டு. கெட்டவை முப்பத்தெட்டு.

ஏன் பிளந்தது என்பதை நம் அறிவியல் பாடத்தைக் கொண்டே விளக்கலாம். எண்ணெய் ஏறத்தாழ 170, 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. தேங்காய்ப்பூவில் இருந்த ஈரம் அந்தச் சூட்டில் நீராவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். பூட்டிய வீட்டுக்குள் அவ்வளவு கூட்டம் புகுந்தால் என்ன ஆகும்? பலவீனமான கதவை உடைத்துக் கொண்டுதானே வெளிவரும்? காய்ந்த மாவின் ஒட்டாத விளிம்பே அந்தக் கதவு. ஆச்சி சொன்ன மூன்று சொல்லில் முதலாவது ஆவியைக் குறைப்பதற்கு. மற்ற இரண்டும் கதவை உறுதியாக்குவதற்கு. ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. பாடம் படித்த நானோ அதைத் தேர்வுத் தாளில் மட்டுமே எழுதத் தெரிந்தவளாக இருந்தேன்.

ஆனால் நான் வெட்கப்படுவது சோமாசி பிளந்ததற்காக அன்று. அதன் பின் செய்த காரியத்துக்காக. மணி பதினொன்றாகி விட்டது. வீட்டில் மைதாவும் இல்லை, கடையும் திறந்திராது. ஆச்சியை எழுப்பிச் சொல்ல அச்சம். மூன்றாவது தகர டின்னின் அடியில் அந்த முப்பத்தெட்டையும் அடுக்கினேன். மேலே ஒரு செய்தித்தாளை விரித்தேன். அதன் மேல் நல்லவை அறுபத்திரண்டையும் அடுக்கி மூடினேன். பிறகு போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை அப்பாவும் நானும் பேருந்தில் டின்களைக் கொண்டு போனோம். டீச்சரம்மா மேல் மூடியைத் திறந்து பார்த்து, “ஆச்சி கை ஆச்சி கைதான்!” என்றார்கள். ஒன்றுக்கு எட்டு ரூபாய் வீதம் 2,400 ரூபாயையும் எண்ணிக் கொடுத்து, “பாப்பா நல்லாப் படிக்கணும்” என்று என் கையில் ஒரு துண்டு கேக்கும் தந்தார்கள். அந்தக் கேக் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆச்சி அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக் கொண்டு, “இந்தா, இது ஜனவரி மாச விடுதிப் பணம். பத்திரமா வை” என்று என்னிடமே நீட்டினாள்.

அவ்வளவுதான். என்னால் வாங்க முடியவில்லை. அழுது கொண்டே எல்லாவற்றையும் சொல்லி விட்டேன்.

ஆச்சி அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. சற்று நேரம் என்னையே பார்த்தாள். “சோமாசி வாயைத் திறக்கக் கூடாது. தப்புப் பண்ணுனவ வாயைத் திறக்கணும். நீ ரெண்டையும் மாத்திச் செஞ்சுட்டியே” என்றாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, கடையில் ஒரு கிலோ மைதா வாங்கி வரச் சொன்னாள். “பிசைடி” என்றாள் என்னிடம். அருகில் மணையைப் போட்டு உட்கார்ந்து கொண்டாள். தேங்காய்ப்பூவை ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்து, “இன்னும் ஈரம் இருக்கு, வறு” என்று மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் வறுத்தேன். மாலை நான்கு மணிக்கு முப்பத்தெட்டுச் சோமாசி ஆயிற்று. ஒன்று கூடப் பிளக்கவில்லை.

கையில் கட்டோடு ஆச்சி என்னோடு பேருந்தில் ஏறினாள். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் பாதி வழி நின்று கொண்டே வந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

டீச்சரம்மா வீட்டில் நட்சத்திர விளக்குக் கட்டிக் கொண்டிருந்தார்கள். ஆச்சி என் முதுகில் கை வைத்து, “சொல்லு” என்றாள். நான் சொன்னேன். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். டீச்சரம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மூன்றாவது டின்னை எடுத்து வந்தார்கள். செய்தித்தாள் விலகியிருந்தது. அடியில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்தன. “மத்தியானமே பார்த்துட்டேன், ஆச்சி. வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆச்சி இப்படி அனுப்ப மாட்டாங்களே, இனிமே வேற இடத்துல சொல்லிடலாமான்னு கூட நினைச்சேன். என் பேரப்பிள்ளைகள் அதுக்குள்ள பாதியைத் தின்னுட்டாங்க” என்றார்கள். ஆச்சி புதிய முப்பத்தெட்டையும் கொடுத்து, மிஞ்சிய பழையதைக் கேட்டு வாங்கிக் கொண்டாள். பணம் கொடுக்க வந்தபோது, “ஏற்கெனவே வாங்கியாச்சு” என்று மறுத்து விட்டாள்.

‘வேறு இடத்தில் சொல்லிடலாமா’ என்ற அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. எத்தனையோ ஆண்டுகளாக ஆச்சி சேர்த்து வைத்த நம்பிக்கையை, ஒரே இரவில் ஒரு செய்தித்தாளைக் கொண்டு மூடிவிடப் பார்த்தேனே! அந்த டீச்சரம்மா போய்விட்டால் அவர்களோடு இன்னும் பத்து வீடு போகும். அப்புறம் என் விடுதிக் கட்டணம் ஏது? என் படிப்பு ஏது?

பொங்கல் விடுமுறையில் ஆச்சியிடம் மெக்சிகோவைப் பற்றிச் சொன்னேன். அவள் வெற்றிலை மடித்துக் கொண்டே கேட்டாள். “வெத்தலைக்குப் போடுத சுண்ணாம்பையா சோளத்துக்குப் போடுதாக? நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்காக” என்று மெச்சிக் கொண்டாள். மெக்சிகோ நாட்டுச் சமையலை யுனெஸ்கோ நிறுவனம் 2010இல் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது என்றும், நம் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும் புவிசார் குறியீடு பெற்றன என்றும் சொன்னேன். “நம்ம சோமாசிக்கு எப்போ ஆச்சி?” என்று கேட்டேன். “டீச்சரம்மா அடுத்த வருஷத்துக்கும் சொல்லிட்டாகல்லா? அதுதான் நமக்குக் குறியீடு” என்றாள்.

தோழியரே! கரிசல் காட்டு அடுப்படியிலும், கடல் கடந்த மெக்சிகோவின் அடுப்படியிலும் பெண்கள் மாவைத் தட்டி, உள்ளே எதையோ வைத்து, மடித்து, விளிம்பை ஒட்டுகிறார்கள். உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். ஒட்டும் கையின் நேர்மை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மேலே நல்லதும் அடியில் கெட்டதும் வைத்த டின் ஒருநாள் காலியாகும். அப்போது அடி தெரிந்தே தீரும். இது சோமாசிக்கு மட்டும் பொருந்துவதன்று. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் நமக்கும் பொருந்தும்.

ஆச்சியின் கைக்கட்டை அவிழ்த்து விட்டார்கள். அடுத்த தீபாவளிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே சுடப் போகிறோம். என்னைப் பார்க்க எங்கள் ஊருக்கு வாருங்கள். எங்கள் வீட்டுச் சோமாசி டின்னை இனி நீங்கள் அடிவரை நம்பி உண்ணலாம்.



— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி